ஹின்ட் கேஸ்கேட் போடச் சொல்கிறது, போடலாமா?

கேள்வி இதுதான்: போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஆர்டர்_பழையது என்று ஒரு டேபிள், எல்லாம் புது டேபிளுக்கு மாறி ஒன்றரை வருடம் ஆகிறது, இப்போது அதை ட்ராப் செய்ய, அதாவது நீக்கப் போனால் "வேறு ஆப்ஜெக்ட்கள் இதைச் சார்ந்திருப்பதால் ட்ராப் செய்ய முடியாது" என்று எரர் வருகிறது, அதற்குக் கீழேயே கேஸ்கேட் போட்டால் அவையும் சேர்ந்து போகும் என்று ஒரு ஹின்ட். போடலாமா? கூடவே, வேலையை விட்டுப் போன ஒருவரின் ரோலையும் (டேட்டாபேஸ் பயனர் கணக்கு) நீக்க முடியவில்லை, அங்கேயும் இதே மாதிரி எரர்.

போடாதீர்கள். முதலில் அந்த ஹின்ட்டுக்கு மேலே இருக்கிற டீடெயில் வரிகளைப் படியுங்கள். எந்த வியூ (பெயர் வைத்துச் சேமித்த க்வெரி), எந்த டேபிளின் எந்த ஃபாரின் கீ (இன்னொரு டேபிளைச் சுட்டுகிற கட்டுப்பாடு) என்று போஸ்ட்கிரெஸ் பெயர் சொல்லிக் கொடுத்திருக்கும். அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றும் தேவையா என்று யாரிடமாவது கேட்டு முடிவு செய்து, தேவையில்லாததை அதன் பெயரைச் சொல்லியே ட்ராப் செய்து, தேவையானதைப் புது டேபிளைப் பார்க்கும்படி மாற்றி எழுதி, எல்லாம் முடிந்த பிறகு கேஸ்கேட் இல்லாத வெறும் ட்ராப் டேபிள் எரர் இல்லாமல் ஓட வேண்டும். எதுவும் போடாவிட்டால் ரெஸ்ட்ரிக்ட், அதாவது சார்ந்தவை இருந்தால் நீக்க மறு, என்றுதான் அர்த்தம். அது கடைசி வரை உங்களுக்குக் காவலாக நிற்கட்டும்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு பழைய வியூவை நீக்குகிற மைக்ரேஷன் ஃபைலை (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றுகிற கட்டளைகள்) நான்தான் எழுதினேன். டெஸ்ட் டேட்டாபேஸில் இதே எரர் வந்தது, பார்த்தால் அதைச் சார்ந்து இரண்டே வியூதான், இரண்டும் வேண்டாதவை, கேஸ்கேட் சேர்த்துவிட்டேன். ப்ரொடக்‌ஷனில் பதினொன்று இருந்தன. ரிப்போர்ட் பார்க்கிறவர்கள் அங்கேயே நேராக வியூ எழுதி வைத்திருந்தார்கள், அது எங்கள் கோடு ரிப்போவில் எங்கேயும் இல்லை. இரவில் டிப்ளாய் ஆனது, எது எதெல்லாம் சேர்ந்து போகிறது என்று போஸ்ட்கிரெஸ் நோட்டீஸ் வரிகளில் சொல்லியிருக்கும், ஆனால் மைக்ரேஷன் டூல் நோட்டீஸை விழுங்கிவிட்டு வெற்றி என்று மட்டும் காட்டியது. காலையில் கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது. ஸ்கீமா (டேட்டா இல்லாத, அமைப்பு மட்டும்) பேக்கப் இருந்ததால் வியூக்களை அரை மணி நேரத்தில் திரும்ப உருவாக்கிவிட்டோம். அதற்கப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பித்தது: வியூவை நீக்கினால் அதன் மேல் கொடுத்திருந்த கிராண்ட்களும் போய்விடும், திரும்ப உருவாக்கும்போது அவை தானாக வராது, யாருக்கு எதன் மேல் அனுமதி இருந்தது என்று கண்டுபிடித்து முடிக்க சாயங்காலம் ஆகிவிட்டது.

அதனால் முதல் வேலை, எதையும் தொடுவதற்கு முன்னால், ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸ் முழுவதையும் ஸ்கீமா மட்டும் என்ற ஆப்ஷனோடு, போஸ்ட்கிரெஸ்ஸின் பேக்கப் கருவியான பிஜி_டம்ப் வைத்து எடுத்து வையுங்கள். சில எம்பிதான் வரும். அதில் வியூ, ஃபங்ஷன், கிராண்ட், கமென்ட் எல்லாம் இருக்கும். நீக்கப் போகிற டேபிளின் டேட்டாவைத் தனியாக இன்னொரு டம்ப் எடுத்து, அதை வேறொரு காலி டேட்டாபேஸில் ஏற்றிப் பார்த்து, வரிசை எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு டேபிளை மட்டும் டம்ப் எடுத்தால் அதைச் சார்ந்திருக்கிற வியூக்கள் அதில் வராது, ஆகவே இரண்டும் வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் குப்பைத்தொட்டி என்று ஒன்று கிடையாது. கமிட் ஆனதும் டிஸ்க்கில் இருந்த ஃபைலும் போய்விடும்.

அடுத்து, எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதை போஸ்ட்கிரெஸ் எப்படித் தெரிந்துவைத்திருக்கிறது என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பிஜி_டிபெண்ட் என்று ஒரு கேட்டலாக் டேபிள் (போஸ்ட்கிரெஸ் தன் உள்விவரங்களை வைத்துக்கொள்ளும் டேபிள்) இருக்கிறது. ஒவ்வொரு வரியும் 'இந்த ஆப்ஜெக்ட் அந்த ஆப்ஜெக்ட்டைச் சார்ந்தது' என்கிற ஒரு ஜோடி, பெயராக இல்லாமல் ஓஐடி எண்ணாக (ஆப்ஜெக்ட்டின் உள் அடையாள எண்) எழுதியிருக்கும். கூடவே ஒரு எழுத்து: 'என்' என்றால் சாதாரணச் சார்பு, ரெஸ்ட்ரிக்ட் தடுக்கும், 'ஏ' என்றால் ஆட்டோ, கேட்காமலேயே சேர்ந்து போகும், 'ஐ' என்றால் உள்சார்பு, தாய் ஆப்ஜெக்ட்டின் ஒரு பகுதி மாதிரி. வியூவைத் தேடும்போது பலர் இங்கே குழம்புவார்கள், ஏனென்றால் டேபிளைச் சார்ந்திருப்பது வியூ என்று நேராக எழுதியிருக்காது, வியூவுக்குப் பின்னால் இருக்கிற ரீரைட் ரூல்தான் (வியூவை அதன் க்வெரியாக மாற்றுகிற விதி) சார்ந்திருக்கும். ஆகவே பிஜி_டிபெண்டிலிருந்து பிஜி_ரீரைட்டுக்குப் போய், அங்கே ஈவி_கிளாஸ் என்ற இடத்தில் இருக்கிற ஓஐடியை எடுத்தால்தான் வியூவின் பெயர் கிடைக்கும். வியூ மேல் வியூ இருந்தால் இதையே ரிகர்சிவ் க்வெரியாக (கிடைத்த விடையை வைத்து மீண்டும் மீண்டும் தேடுவது) எழுத வேண்டும். வியூ இல்லாத மற்றவற்றுக்கு பிஜி_டிஸ்கிரைப்_ஆப்ஜெக்ட் என்ற ஃபங்ஷன் போதும், மூன்று எண்களைக் கொடுத்தால் மனிதர் படிக்கிற மாதிரி ஒரு வரி தரும்.

க்வெரி எழுதச் சிரமமாக இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸில் ட்ராப் போன்ற கட்டளைகளும் டிரான்சாக்ஷனுக்குள் அடங்கும், கமிட் செய்யாமல் ரோல்பேக் போட்டால் நடக்காத மாதிரி ஆகிவிடும். பிகின், ட்ராப் டேபிள் ஆர்டர்_பழையது கேஸ்கேட், ரோல்பேக், இந்த மூன்றையும் ஓட்டினால் எது எது போயிருக்கும் என்று நோட்டீஸில் வரும், எதுவும் போகாது. நூறு ஆப்ஜெக்ட்டுக்கு மேல் இருந்தால் திரையில் நூறோடு நிறுத்திக்கொண்டு மீதியைச் சர்வர் லாகில் பார் என்று சொல்லும். ஆனால் இதை ப்ரொடக்‌ஷனில் செய்யாதீர்கள். ஸ்கீமா டம்ப்பை ஏற்றிய காப்பியில் செய்யுங்கள். ரோல்பேக் செய்தாலும், அது நடக்கும் வரை அந்த டேபிளின் மேலும் சேர்ந்து போகிற எல்லாவற்றின் மேலும் முழுப் பூட்டு விழும், செலக்ட் கூட ஓடாது. நடுவில் போன் வந்து நீங்கள் எழுந்து போய்விட்டால் எல்லோரும் காத்திருப்பார்கள்.

பூட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆர்டர்_பழையது என்பதை யாருமே தொடுவதில்லை, ஆகவே எப்போது வேண்டுமானாலும் ட்ராப் செய்யலாம் என்று நினைப்பீர்கள். அதிலிருந்து வாடிக்கையாளர் டேபிளுக்கு ஒரு ஃபாரின் கீ இருக்கிறதா? இருந்தால், ட்ராப் ஓடும்போது வாடிக்கையாளர் டேபிளின் மேலும் முழுப் பூட்டு கேட்கும், ஏனென்றால் ஃபாரின் கீயைக் காப்பாற்றுகிற உள் டிரிகர்கள் (மாற்றம் நடக்கும்போது தானாக ஓடுபவை) இரண்டு பக்கமும் இருக்கின்றன, அங்கே இருப்பதையும் நீக்க வேண்டும். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் டேபிளில் பத்து நிமிட ரிப்போர்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் ட்ராப் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும், ட்ராப்புக்குப் பின்னால் வருகிற லாகின், பில்லிங் எல்லாமும் வரிசையில் நிற்கும். பார்ப்பவர்களுக்கு சைட் படுத்துவிட்டது போலத்தான் இருக்கும். இதற்கு மருந்து சின்னது: லாக்_டைம்அவுட் என்பதை இரண்டு விநாடி என்று செட் செய்துவிட்டு ட்ராப் ஓட்டுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் எரர் கொடுத்து விலகிக்கொள்ளும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப முயலலாம். அதைவிட நல்லது, ஃபாரின் கீ கன்ஸ்ட்ரெய்ன்ட்டை மட்டும் ஒரு நாள் தனியாக நீக்கிவிட்டு, டேபிளை இன்னொரு நாள் நீக்குவது.

இதுவரை சொன்னது எல்லாம் போஸ்ட்கிரெஸ்ஸுக்குத் தெரிந்த சார்புகள். தெரியாதவைதான் அதிக ஆபத்து. பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸ்ஸின் சொந்த நிரல் மொழி) ஃபங்ஷனின் உடல் அதற்கு வெறும் எழுத்துக் கோவை. உள்ளே 'ஆர்டர்_பழையது' என்று பத்து இடத்தில் எழுதியிருந்தாலும் பிஜி_டிபெண்டில் ஒரு வரி கூட இருக்காது, ட்ராப் சத்தமில்லாமல் ஓடும், அந்த ஃபங்ஷனை அடுத்து யாராவது கூப்பிடும்போதுதான் வெடிக்கும். பழைய முறையில் எழுதிய எஸ்க்யூஎல் ஃபங்ஷனும் அப்படித்தான். 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து பிகின் அட்டாமிக் என்று எழுதுகிற எஸ்க்யூஎல் ஃபங்ஷன்களுக்கு மட்டும் உடலை உருவாக்கும்போதே பிரித்துப் பார்த்துச் சார்பைப் பதிவு செய்கிறது. மற்றவற்றுக்கு, பிஜி_ப்ராக் கேட்டலாக்கில் ஃபங்ஷனின் மூலம் டெக்ஸ்ட்டாகவே இருக்கிறது, அதில் டேபிள் பெயரைப் போட்டு ஐலைக் (பெரிய, சிறிய எழுத்து பார்க்காத தேடல்) வைத்துத் தேடுங்கள். பெயரைத் துண்டு துண்டாக ஒட்டி எக்ஸிக்யூட் செய்கிற டைனமிக் எஸ்க்யூஎல் இதிலும் மாட்டாது, ஆகவே 'பழையது' என்று பாதிப் பெயரையும் போட்டுத் தேடிப் பாருங்கள்.

டேட்டாபேஸுக்கு வெளியே இருப்பவை இன்னொரு கூட்டம்: அப்ளிகேஷன் கோடு, கிரான் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை), யாரோ ஒருவரின் எக்செல் ஷீட்டில் இருக்கிற ஓடிபிசி கனெக்ஷன், இன்னொரு டேட்டாபேஸிலிருந்து ஃபாரின் டேபிள் வழியாகப் படிப்பது. ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்குச் செல்கிற சார்பை போஸ்ட்கிரெஸ் எங்கேயும் எழுதிவைப்பதில்லை. லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (டேட்டா மாற்றங்களை இன்னொரு டேட்டாபேஸுக்கு அனுப்புவது) வைத்திருந்தால், இங்கே ட்ராப் செய்த டேபிள் அந்தப் பக்கம் அப்படியே இருக்கும், அங்கே போய்த் தனியாக நீக்க வேண்டும்.

இவற்றைப் பிடிக்க ஒரே உருப்படியான வழி, நீக்குவதற்கு முன் பெயரை மாற்றிவைப்பது. ஆர்டர்_பழையது என்பதை நீக்க_ஆர்டர்_பழையது என்று ரீநேம் செய்யுங்கள், அல்லது கிடங்கு என்று ஒரு ஸ்கீமா (இங்கே, டேபிள்களை வைக்கிற தனிப் பிரிவு) உருவாக்கி அதற்குள் நகர்த்துங்கள். ஏதாவது உடைந்தால் ஒரே கட்டளையில் பழைய பெயருக்குத் திரும்பலாம், டேட்டா எங்கேயும் போகவில்லை. இதைப் பலர் செய்கிறார்கள், ஆனால் இதில் இருக்கிற ஓட்டையைக் கவனிப்பதில்லை. முன்பு சொன்னேன் இல்லையா, வியூ டேபிளை ஓஐடி எண்ணால் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று? பெயர் மாறினாலும் எண் மாறாது. ஆகவே ரீநேம் செய்த பிறகும் எல்லா வியூவும் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடும், ஒரு வாரம் யாரும் கத்தவில்லை என்று நம்பி நீங்கள் கேஸ்கேட் போட்டால் அன்றைக்குத்தான் கத்துவார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவற்றை ரீநேம் பிடிக்கும், எண்ணால் பிடித்திருப்பவற்றை பிஜி_டிபெண்ட் காட்டும், ஒன்று செய்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

ரீநேம் செய்தபின் பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் என்ற வியூவில் அந்த டேபிளின் சீக்_ஸ்கேன், ஐடிஎக்ஸ்_ஸ்கேன் எண்களை (முழுதாகவும் இன்டெக்ஸ் வழியாகவும் எத்தனை முறை படித்தார்கள் என்பது) குறித்துவைத்து, நான்கு நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். இந்தக் கணக்கும் ஓஐடி வைத்துத்தான், ரீநேம் ஆனாலும் தொடரும். எண் ஏறியிருந்தால் வியூ வழியாகவோ ஃபாரின் கீ சரிபார்ப்பு வழியாகவோ இன்னும் யாரோ தொடுகிறார்கள். இரவில் பிஜி_டம்ப் பேக்கப் ஓடுகிற இடம் என்றால் அதுவே ஒவ்வொரு நாளும் ஒரு சீக்_ஸ்கேன் கூட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். 16-ஆம் பதிப்பு வைத்திருந்தால் கடைசியாக ஸ்கேன் ஆன நேரமே தனியாக இருக்கும், அதிகாலை இரண்டு மணி என்று தினமும் காட்டினால் அது பேக்கப்தான். ரீட் ரெப்ளிகா (படிக்க மட்டும் வைத்திருக்கிற காப்பி சர்வர்) இருந்தால் அங்கே ஓடுகிற செலக்ட் இங்கே எண்ணப்படாது, அங்கேயும் போய்ப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்பது டேபிளைப் பொறுத்தது. ஆர்டர், பில் மாதிரி கணக்குச் சம்பந்தப்பட்டது என்றால் குறைந்தது ஒரு மாத முடிவைத் தாண்டட்டும். வருடக் கணக்கு முடிக்க மட்டும் ஓடுகிற ஜாப் இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், மார்ச் 31 தாண்டும் வரை கிடங்கிலேயே கிடக்கட்டும், அந்த டிஸ்க் இடத்துக்காக அவசரப்படத் தேவையில்லை.

டேபிள் முழுவதையும் நீக்காமல் ஒரு நெடுவரிசையை மட்டும் நீக்குவது இன்னும் எளிது என்று தோன்றும். அங்கே ஒரு பொறி இருக்கிறது, இதில் கேஸ்கேட் கூடத் தேவையில்லை. அந்த நெடுவரிசை இடம்பெறுகிற எல்லா இன்டெக்ஸும், அதே டேபிளின் கன்ஸ்ட்ரெய்ன்ட்களும், ஆட்டோ சார்பு என்பதால், ஒரு வார்த்தை சொல்லாமல் சேர்ந்து போகும். கிளை_எண், பில்_எண் இரண்டும் சேர்த்து யூனிக் என்று வைத்திருந்து கிளை_எண்ணை நீக்கினால், பில்_எண் இரட்டிப்பாகாமல் காத்துக்கொண்டிருந்த அந்த யூனிக் முழுவதும் காணாமல் போய்விடும், நோட்டீஸ் கூட வராது. இரண்டு மாதம் கழித்து ஒரே பில் எண்ணில் இரண்டு வரிசை வந்த பிறகுதான் தேட ஆரம்பிப்பீர்கள். இதை முன்கூட்டியே பார்க்க, காப்பியில் கிளையன்ட்_மின்_மெசேஜஸ் என்பதை டீபக்2 என்று வைத்துவிட்டு, பிகின் போட்டு அந்த நெடுவரிசையை ட்ராப் செய்து பாருங்கள். வழக்கமாக மறைந்திருக்கிற ஆட்டோ கேஸ்கேட் வரிகளும் திரையில் வரும். நீக்கினால் இடம் உடனே திரும்பக் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். கேட்டலாக்கில் அந்த நெடுவரிசை நீக்கப்பட்டது என்று குறித்துவைப்பதோடு சரி, பழைய வரிசைகள் அப்டேட் ஆக ஆகத்தான் இடம் மெல்லத் திரும்பும்.

ட்ரங்கேட் (டேபிளை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் காலி செய்வது) கேஸ்கேட் பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். ட்ராப் டேபிள் கேஸ்கேட், உங்கள் டேபிளை ஃபாரின் கீயால் சுட்டுகிற மற்ற டேபிள்களில் அந்தக் கன்ஸ்ட்ரெய்ன்ட்டை மட்டும்தான் நீக்கும், அவற்றின் டேட்டாவைத் தொடாது. ட்ரங்கேட் கேஸ்கேட் அப்படி இல்லை. சுட்டுகிற டேபிள்களையும், அவற்றைச் சுட்டுகிற டேபிள்களையும், சங்கிலி முடியும் வரை மொத்தமாகக் காலி செய்துவிடும். ஃபாரின் கீயில் ஆன் டெலீட் என்று நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் அதை மதிக்காது. ஒரு சின்ன மாஸ்டர் டேபிளை காலி செய்யப் போய் மூன்று வருட ஆர்டர்களை இழக்க இது ஒரு வரி போதும்.

இனி அந்த ரோல். ரோல் என்பது ஒரு டேட்டாபேஸுக்குள் அடங்கியது அல்ல, சர்வர் முழுவதற்கும் பொது, ஆகவே அதன் சார்புகள் பிஜி_எஸ்ஹெச்டிபெண்ட் என்ற வேறொரு கேட்டலாக்கில் இருக்கின்றன. ட்ராப் ரோல் எரரில், நீங்கள் இப்போது இருக்கிற டேட்டாபேஸின் ஆப்ஜெக்ட்களைப் பெயர் சொல்லிக் காட்டும், மற்ற டேட்டாபேஸ்களுக்கு 'அந்த டேட்டாபேஸில் இத்தனை ஆப்ஜெக்ட்' என்று எண்ணிக்கை மட்டும்தான் வரும். செய்ய வேண்டியது மூன்று படி, வரிசை முக்கியம். முதலில் ரீஅசைன் ஓன்ட், பழைய ரோலுக்குச் சொந்தமான எல்லாவற்றையும் இருக்கப் போகிற ஒரு ரோலுக்கு மாற்றுவது. அப்புறம் ட்ராப் ஓன்ட், அந்த ரோலுக்குக் கொடுத்திருந்த கிராண்ட்களையும் டிஃபால்ட் பிரிவிலேஜ்களையும் துடைப்பது. இந்த இரண்டையும் எண்ணிக்கை காட்டிய ஒவ்வொரு டேட்டாபேஸுக்குள்ளும் போய் ஓட்ட வேண்டும். கடைசியாக ஒரே ஒரு முறை ட்ராப் ரோல். வரிசையை மாற்றி ட்ராப் ஓன்ட்டை முதலில் ஓட்டினால், அந்த ரோலுக்குச் சொந்தமான டேபிள்கள் டேட்டாவோடு போய்விடும். மைக்ரேஷன் எல்லாம் அவருடைய லாகினில்தான் ஓடியது என்றால், அது உங்கள் மொத்த அப்ளிகேஷனாகவே இருக்கலாம். ஆகவே இதையும் பிகின் போட்டு ஆரம்பியுங்கள், இரண்டாம் படிக்கு முன்னால் அந்த ரோலுக்குச் சொந்தமாக ஒன்றுமே மிச்சம் இல்லை என்று க்வெரி போட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். உடனே செய்ய நேரமில்லை என்றால், இன்றைக்கு அவருடைய ரோலை நோலாகின் என்று மாற்றிவிடுங்கள். புதிதாக யாரும் அதில் உள்ளே வர முடியாது, மீதியை நிதானமாகப் பார்க்கலாம்.

மைஎஸ்க்யூஎல்லில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் அப்படியே செய்யாதீர்கள். அங்கே ட்ராப் டேபிள் ஓடியதும் தானாகவே கமிட் ஆகிவிடும், ரோல்பேக் என்ற பேச்சே இல்லை. ட்ராப் டேபிளின் பின்னால் ரெஸ்ட்ரிக்ட் என்றோ கேஸ்கேட் என்றோ எழுதினால் எரர் வராது, ஆனால் இரண்டும் எதையும் செய்வதில்லை. வியூக்கள் இருந்த இடத்திலேயே உடைந்து கிடக்கும், யாராவது செலக்ட் போடும்போதுதான் தெரியும். ஃபாரின் கீ மட்டும்தான் தடுக்கும், அதையும் ஃபாரின்_கீ_செக்ஸ் என்பதை பூஜ்யமாக்கித் தாண்டுகிறவர்கள் உண்டு. ஆரக்கிளில் 10ஜி பதிப்பிலிருந்து ரீசைக்கிள் பின் இருக்கிறது, பர்ஜ் சேர்க்காமல் ட்ராப் செய்த டேபிளை ஃப்ளாஷ்பேக் டேபிள் மூலம் திரும்ப எடுக்கலாம், சார்ந்த வியூக்கள் நீங்காமல் இன்வேலிட் என்று குறிக்கப்பட்டுக் கிடக்கும்.

கடைசியாக, டேபிள் போன பிறகு மிச்சம் கிடப்பவை. டேபிளோடு அதன் டிரிகர் போகும், டிரிகர் கூப்பிட்ட ஃபங்ஷன் போகாது. சீரியல் என்று எழுதியதால் உருவான சீக்வென்ஸ் (அடுத்தடுத்த எண் தருவது) போகும், தனியாக உருவாக்கி டிஃபால்ட்டில் போட்ட சீக்வென்ஸ் போகாது. அந்த டேபிளுக்காக மட்டும் செய்த ஈனம் டைப்பும் (குறித்த மதிப்புகளை மட்டும் ஏற்கிற வகை) அப்படியே கிடக்கும். இவற்றையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, கேஸ்கேட் இல்லாமல் ட்ராப் செய்யுங்கள். வேறு யாராவது பயன்படுத்தினால் ரெஸ்ட்ரிக்ட் பெரும்பாலும் சொல்லிவிடும், பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் உடலுக்குள் இருக்கிற அழைப்பை மட்டும் முன்பு சொன்ன மாதிரி டெக்ஸ்ட்டில் தேடிக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் இன்றைக்குச் செய்யக்கூடியது ஸ்கீமா டம்ப், எரரில் வந்த பட்டியல், அந்தப் பட்டியலில் இருக்கிற வியூக்களை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பது, ரோலை நோலாகின் ஆக்குவது, இவ்வளவுதான். பட்டியலில் புரியாத பெயர் ஏதாவது இருந்தால் அந்த வரியை அப்படியே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.